விண்டோஸ் 10 கதை முடிந்தது... பழைய லேப்டாப்பில் லினக்ஸ் பழகலாமா? எங்கே சறுக்கும்?

லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. கீபோர்டு ஓகே, ஸ்கிரீன் ஓகே, பேட்டரிகூட ஒன்றரை மணி நேரம் தாங்குகிறது. ஆனால் செட்டிங்ஸில் போய் அப்டேட் பக்கத்தைத் திறந்தால், விண்டோஸ் 11-ஐ இயக்குவதற்கான தகுதி இந்தக் கணினிக்கு இல்லை என்று ஒரு வரி நிற்கிறது. 2016, 2017 வாக்கில் முதல் சம்பளத்திலோ கல்லூரி சேர்ந்த புதிதிலோ வாங்கிய லேப்டாப்பை இன்னமும் வைத்திருக்கும் பலர் பார்த்துக்கொண்டிருக்கும் வரி இது.

"பேசாம லினக்ஸ் போட்டுடு மச்சி, ஃப்ரீதான்" என்று அலுவலகத்தில் யாராவது ஒருவர் சொல்லியிருப்பார். சொன்னவர் அதோடு போய்விடுவார். போட்ட பிறகு வைஃபை வரவில்லை, டி டிரைவைக் காணவில்லை, தமிழ் டைப் ஆகவில்லை என்று தனியாக உட்கார்ந்து தேடுவது போட்டவர்தான். லினக்ஸை முயன்று, பத்தே நாளில் கைவிட்டவர்கள் பெரும்பாலும் விட்ட இடம் இதுதான்.

இப்போது என்ன அவசரம்?

2015 ஜூலை 29-ஆம் தேதி வெளியான விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. நிறுத்திவிட்டது என்றால் மறுநாள் காலை கணினி ஆன் ஆகாது என்று அர்த்தமில்லை. குரோம் திறக்கும், படம் ஓடும், எக்செல் வேலை செய்யும். அதனால்தான் பலருக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை.

மாற்றம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. ஒவ்வொரு மாதமும் விண்டோஸில் புதிய பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. விண்டோஸ் 11-க்கு அவற்றை அடைக்கும் அப்டேட் வருகிறது. அந்த அப்டேட்டைப் பிரித்து ஆராய்ந்தாலே எந்த ஓட்டை அடைக்கப்பட்டது என்பது தாக்குபவர்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டு பதிப்புகளுக்கும் பொதுவான நிரல்கள் நிறைய இருப்பதால், அதே ஓட்டை விண்டோஸ் 10-இல் திறந்தே கிடக்க வாய்ப்பு அதிகம். அந்த லேப்டாப்பில்தான் நெட்பேங்கிங்கும் வருமான வரிக் கணக்கும் நடக்கின்றன.

சரி, விண்டோஸ் 11-க்கு மாற முடியாதது ஏன்? அதற்கு டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்பு அம்சமும், செக்யூர் பூட் வசதியும், மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள பிராசசரும் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை தொடங்கித்தான் பட்டியலில் இருக்கிறது. 7-ஆம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம் என்று நல்ல நிலையில் உள்ள லேப்டாப்பும் வாசலிலேயே நிற்கிறது. இந்தச் சோதனையைத் தாண்டிப்போகும் குறுக்குவழிகள் யூடியூபில் கிடைக்கின்றன. ஆனால் அப்படி ஏற்றப்பட்ட கணினிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை.

ஒரு இடைக்கால வழி இருக்கிறது. வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13-ஆம் தேதி வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தரும் நீட்டிப்புத் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் செட்டிங்ஸை கிளவுடில் சேமிக்கச் சம்மதித்தால் பணம் இல்லை. அது வேண்டாம் என்றால் 30 டாலர், அல்லது 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகள். லினக்ஸ் பழக நினைப்பவர் முதலில் இதில் சேர்ந்துகொள்வது புத்திசாலித்தனம். அவசரத்தில் மாறுபவர்தான் முதல் தடங்கலிலேயே திரும்பிவிடுகிறார்.

ஒரே மாவு, பல பலகாரம்

1991 ஆகஸ்ட் 25-ஆம் தேதி, ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக இணையத்தில் அறிவித்தார். அவர் எழுதியது கெர்னல் எனப்படும் உள்கரு. அதற்கு முன்பே, 1983-இல், ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனு திட்டம் மற்ற கருவிகளை உருவாக்கிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் இன்று லினக்ஸ் என்று பொதுவாக அழைக்கப்படும் இயங்குதளம். மூல நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை மற்றவருக்குத் தரலாம்.

இந்த உரிமையால்தான் உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் என்று நூற்றுக்கணக்கில் வகைகள் இருக்கின்றன. ஒரே மாவில் இட்லியும் ஊற்றலாம், தோசையும் வார்க்கலாம் என்பது போல, உள்கரு ஒன்று. மேலே போர்த்திய முகப்பும் கூடவரும் செயலிகளும் வேறு. இவற்றை டிஸ்ட்ரோ என்கிறார்கள்.

ஆண்ட்ராய்டு போனின் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல்தான். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸ். மேசைக் கணினியில் மட்டும்தான் அது இன்னும் விருந்தாளி.

தமிழ்நாடு ஏற்கெனவே முயன்றது

தமிழக அரசின் எல்காட் நிறுவனம், சி.உமாசங்கர் ஐஏஎஸ் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2006-07 வாக்கிலேயே அலுவலகக் கணினிகளில் சூசே லினக்ஸைக் கொண்டுவந்தது. 2007-இல் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் பாஸ் என்ற டெபியன் வழிவந்த இந்திய லினக்ஸை வெளியிட்டது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பகால லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது.

கணினியை ஆன் செய்தால் இரண்டு பெயர் வரும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று மாணவர்களுக்குச் சொல்லித்தர ஆளில்லை. பாடத்தில் இல்லை, தேர்வில் இல்லை. பக்கத்து சர்வீஸ் கடையில் கொடுத்ததும் "இது எதுக்குப்பா இடத்தை அடைச்சிக்கிட்டு" என்று அழித்துவிட்டு, விண்டோஸின் திருட்டுக் காப்பி ஒன்றை ஏற்றிக் கொடுத்தார்கள். லட்சக்கணக்கான வீடுகளுக்குள் லினக்ஸ் போனது. போன சுவடு தெரியாமல் வெளியேறியது.

பக்கத்திலேயே கேரளம் வேறு வழியில் போனது. ஐடி@ஸ்கூல் திட்டத்தின்கீழ் ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்தார்கள். பாடப்புத்தகமே லினக்ஸில் உள்ள கருவிகளை வைத்து எழுதப்பட்டது. செய்முறைத் தேர்வும் அதில்தான். இன்று கைட் என்ற பெயரில் இயங்கும் அந்த அமைப்பு, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸை உருவாக்கி வழங்குகிறது. அங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு லினக்ஸ் ஓர் அதிசயப் பொருள் இல்லை. பள்ளியில் இருக்கும் கம்ப்யூட்டர், அவ்வளவுதான்.

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் முடிவெடுத்து, பத்தாண்டுகளில் சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-இல் சுமார் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபிஸுக்கும் லினக்ஸுக்கும் மாற்றப்போவதாக அறிவித்தது. இந்தியாவில் பாதுகாப்பு அமைச்சகம் உபுண்டு வழிவந்த மாயா என்ற இயங்குதளத்தைக் கொண்டுவருவதாக 2023-இல் செய்தி வந்தது. அரசுகள் போய் வருகின்றன. தனிமனிதர் ஒருவருக்கு இதிலெல்லாம் உதவுகிற பாடம், எதைப் போடுகிறோம் என்பதைவிட, மாட்டிக்கொண்டால் கேட்க யார் இருக்கிறார் என்பதை முதலில் யோசிக்க வேண்டும் என்பதுதான். ஒரு நண்பரோ, அலுவலக சிஸ்டம் அட்மினோ, ஒரு பயனர் குழுவோ போதும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

எந்த டிஸ்ட்ரோ நல்லது என்று தேடி ஒரு மாதத்தை வீணடிப்பது தொடக்கநிலைக்காரர்களின் பெரிய பொழுதுபோக்கு. அந்த விவாதத்துக்கு முடிவே கிடையாது. விண்டோஸிலிருந்து வருபவருக்கு லினக்ஸ் மின்டின் சினமன் பதிப்பு போதும். கீழே இடது ஓரத்தில் மெனு, வலது ஓரத்தில் கடிகாரம் என்று பழகிய அமைப்பிலேயே இருக்கும். குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம் கேட்கிறது. 4 ஜிபி இருந்தால் நிம்மதி. தற்போதைய 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. அலுவலக சர்வர்களில் உபுண்டு இருக்கிறது, அதையே பழக வேண்டும் என்பவர் உபுண்டுவின் எல்டிஎஸ் பதிப்பை எடுத்துக்கொள்ளலாம். மின்டும் உபுண்டுவின் மேல் கட்டப்பட்டதுதான் என்பதால், ஒன்றில் கற்றது மற்றதிலும் உதவும்.

"லினக்ஸ் போட்டா பழைய லேப்டாப் பறக்கும்" என்பதில் பாதிதான் உண்மை. ஆன் ஆவது, ஃபைல் திறப்பது வேகமாகும். ஆனால் பிரவுசரில் இருபது டேப் திறந்தால், எந்த ஓஎஸ் ஆனாலும் ரேம் நிறையத்தான் செய்யும். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுவது, இயங்குதளத்தை மாற்றுவதைவிடப் பெரிய வித்தியாசம் தரும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் இன்னும் நல்லது.

இன்னொன்றும் உண்டு. 32-பிட் பிராசசர் உள்ள பழைய நெட்புக் என்றால் வழிகள் குறுகிவிட்டன. உபுண்டுவும் மின்டின் வழக்கமான பதிப்பும் எப்போதோ 32-பிட்டைக் கைவிட்டன. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-உம் அதற்கு இன்ஸ்டாலர் தருவதில்லை.

போடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை

லினக்ஸின் பெரிய வசதி, கணினியில் எதையும் அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம் என்பது. மின்டின் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் எழுத வேண்டும். பென்டிரைவில் முன்பு இருந்தவை போய்விடும், கல்யாண போட்டோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பிறகு கணினியை ஆன் செய்யும்போதே பூட் மெனு கீயை அழுத்த வேண்டும். டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப்.

பென்டிரைவிலிருந்தே டெஸ்க்டாப் திறந்துவிடும். அங்கேயே ஒரு மணி நேரம் செலவிட்டு வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, கேமரா தெரிகிறதா, வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடிகிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வைஃபை வரவில்லை என்றால் உடனே மூட்டை கட்ட வேண்டியதில்லை. சில பிராட்காம், ரியல்டெக் சிப்களுக்கு டிரைவரைத் தனியாக இறக்க வேண்டியிருக்கும். இறக்குவதற்கு நெட் வேண்டுமே! போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்தால் லினக்ஸ் பெரும்பாலும் கேட்காமலே அதை எடுத்துக்கொள்ளும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் போதும்.

எல்லாம் சரி என்றால் இன்ஸ்டால். இந்த மொத்த வேலையிலும் உண்மையிலேயே ஆபத்தான கிளிக் ஒன்றே ஒன்றுதான்: டிஸ்க்கை முழுவதும் அழித்து மின்டை நிறுவு என்று பொருள்படும் தேர்வு. அதை அழுத்தினால் சி டிரைவ் மட்டும் போகாது. அந்த டிஸ்க்கில் இருக்கும் டி, இ எல்லாமே போய்விடும். விண்டோஸில் டி டிரைவ் எப்போதும் தப்பித்துப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஆகவே வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு காப்பி, முக்கியமானவற்றுக்கு கிளவுடில் இன்னொரு காப்பி எடுத்த பிறகே பென்டிரைவைச் செருக வேண்டும். கணினியில் பிட்லாக்கர் பூட்டு ஆன் ஆகியிருந்தால், அதன் ரெக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வைப்பதும் அவசியம்.

விண்டோஸும் இருக்கட்டும், லினக்ஸும் இருக்கட்டும் என்பது டூயல் பூட். முதல் ஆறு மாதத்துக்கு இதுதான் பாதுகாப்பு. ஆனால் இரண்டு விசித்திரங்கள் வரும். ஒன்று, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தாமல் விட்டால், விண்டோஸ் பக்கத்து ஃபைல்களை லினக்ஸில் படிக்க முடியும், எழுத முடியாது. இரண்டாவது, லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டும். கணினி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்கின்றன; இந்திய நேரத்துக்கும் அதற்குமான இடைவெளிதான் அந்த ஐந்தரை மணி. லினக்ஸில் ஒரு கமாண்டில் சரியாகிவிடும்.

மறக்க வேண்டிய பழக்கங்கள்

பத்து வருட விண்டோஸ் பழக்கம்தான் முதல் வாரத்தின் எதிரி. கூகுளில் தேடி, ஏதோ ஒரு தளத்தில் இருக்கும் டவுன்லோடு பட்டனை அழுத்தி, எக்ஸி ஃபைலை இரட்டை கிளிக் செய்வது கைக்குப் பழகிவிட்டது. லினக்ஸில் அது நடக்காது. போனில் பிளே ஸ்டோர் இருப்பது போல, இங்கே சாஃப்ட்வேர் மேனேஜர். விஎல்சி, ஜிம்ப், லிப்ரே ஆபிஸ் எல்லாம் அங்கேயே. அப்டேட்டும் ஒரே இடத்திலிருந்து எல்லாவற்றுக்கும் வரும். போனில் செயலி போடத் தெரிந்தவருக்கு இது புதிதே இல்லை.

சி டிரைவ், டி டிரைவ் என்ற கணக்கு இங்கே கிடையாது. எல்லாம் ஒரே மரம். வேரில் ஒரு சாய்கோடு, அதன் கிளையாக ஹோம், அதற்குள் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு வீடு. பென்டிரைவ் செருகினாலும் அது புதிய எழுத்தாக வராது. அதே மரத்தில் இன்னொரு கிளையாக ஒட்டிக்கொள்ளும். தொடக்கத்தில் தலை சுற்றினாலும், தன் வேலை முழுக்க அந்த ஹோம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, வெளியே கை வைக்கத் தேவையில்லை என்று புரிந்துவிட்டால் போதும்.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே வேறு வேறு. ரிப்போர்ட் என்ற பெயரை முதல் எழுத்து பெரிதாக ஒன்றும், சிறிதாக ஒன்றும் வைத்தால் இரண்டு தனித்தனி ஃபைல்கள். அப்புறம், பல டிஸ்ட்ரோக்களில், டெர்மினலில் பாஸ்வேர்டு கேட்கும்போது தட்டினால் திரையில் ஒன்றுமே தெரியாது, புள்ளிகூட வராது. கீபோர்டு வேலை செய்யவில்லை என்று நினைத்து லேப்டாப்பையே ரீஸ்டார்ட் செய்தவர்கள் உண்டு. பின்னால் நிற்பவருக்கு பாஸ்வேர்டின் நீளம்கூடத் தெரியக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. தட்டிவிட்டு என்டர் அழுத்தினால் வேலை முடிந்தது.

டெர்மினல்: பயம் எதற்கு?

கறுப்புத் திரையைப் பார்த்தாலே "ஹேக்கர் படம் மாதிரி இருக்கு, நமக்கு வேணாம்" என்று ஒதுங்குபவர்கள் அதிகம். உண்மையில் மின்டை டெர்மினலே திறக்காமல் மாதக்கணக்கில் பயன்படுத்தலாம். ஆனால் கற்றுக்கொள்வதற்காகவே லினக்ஸுக்கு வந்தவர் அதைத் தவிர்ப்பதில் அர்த்தமில்லை.

நூறு கமாண்டுகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எங்கே நிற்கிறோம் என்று சொல்லும் பிடபிள்யூடி, என்ன இருக்கிறது என்று காட்டும் எல்எஸ், வேறு ஃபோல்டருக்குப் போக சிடி, நகலெடுக்க சிபி, நகர்த்தவும் பெயர் மாற்றவும் எம்வி, அழிக்க ஆர்எம், ஃபைலுக்குள் தேட கிரெப். எந்தக் கமாண்டுக்கும் விளக்கம் தருவது மேன். மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல் சி அழுத்தி வெளியே வரலாம். பாதி எழுதிவிட்டு டேப் கீயை அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பும். இந்தக் கடைசி விஷயத்தை முதல் நாளே யாராவது சொல்லிக்கொடுத்தால், எழுத்துப்பிழை எரிச்சலில் பாதி குறையும்.

ஆர்எம் மட்டும் கொஞ்சம் முரட்டு ஆசாமி. ரீசைக்கிள் பின் எல்லாம் கிடையாது, அழித்தால் அழித்ததுதான். அதன் முன்னால் சூடோ என்று சேர்த்தால், நிர்வாகி அதிகாரத்தோடு செய் என்று அர்த்தம். அப்போது கணினி, உனக்குத் தெரிந்துதான் செய்கிறாய் என்று நம்பிக்கொள்ளும்.

இன்றைய தொடக்கநிலைக்காரர் இன்னொரு குழியில் விழுகிறார். ஒரு பிழைச் செய்தி வந்ததும் அதைப் படிக்காமலேயே ஏஐ சாட்பாட்டில் ஒட்டி, அது தரும் கமாண்டைத் திரும்ப ஒட்டுகிறார். அது வேறு பதிப்புக்கானதாக இருந்தால் இன்னொரு பிழை. மறுபடியும் ஒட்டு. ஐந்தாவது சுற்றில், முதலில் என்ன பிரச்சினை என்பதே மறந்து, இல்லாத பிரச்சினைகள் நாலு சேர்ந்திருக்கும். லினக்ஸின் பிழைச் செய்திகள் பெரும்பாலும் நேராகவே பேசும். அனுமதி மறுக்கப்பட்டது என்கிறதா, அப்படி ஒரு ஃபைலே இல்லை என்கிறதா, அந்தக் கமாண்டே தெரியாது என்கிறதா? தொடக்கத்தில் வரும் பிழைகளில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். முதலாவது சூடோ இல்லாததால் அல்லது மற்றவர் ஃபைலில் கை வைத்ததால். இரண்டாவது தவறான ஃபோல்டரில் நிற்பதால். மூன்றாவது எழுத்துப்பிழையால் அல்லது அந்தக் கருவியை இன்னும் நிறுவாததால். ஏஐயிடம் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் "இந்தக் கமாண்டில் ஒவ்வொரு வார்த்தையும் என்ன செய்யும்?" என்று கேட்ட பிறகு என்டர் அழுத்துபவர்தான் மூன்று மாதம் கழித்தும் லினக்ஸில் இருக்கிறார்.

மின்டில் டைம்ஷிஃப்ட் என்ற கருவி உண்டு. கணினியின் நிலையைப் படம் பிடித்து வைத்து, எதையாவது கெடுத்துவிட்டால் நேற்றைய நிலைக்குத் திருப்பித் தரும். முதல் நாளே ஆன் செய்துவிட்டால் தைரியமாக நோண்டலாம். வழக்கமான அமைப்பில் அது சிஸ்டம் ஃபைல்களை மட்டுமே காக்கும்; சொந்த ஃபைல்களுக்குத் தனி பேக்கப் வேண்டும்.

தமிழில் தட்டலாமா?

தாராளமாக. கீபோர்டு செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்து, ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையில் எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99, ஃபொனடிக் இரண்டும் கிடைக்கும். லோஹித், நோட்டோ போன்ற யுனிகோட் எழுத்துருக்களும் எளிதில் கிடைக்கின்றன.

சிக்கல் பழைய ஃபைல்களில். பாமினி, வானவில் போன்ற யுனிகோட் அல்லாத எழுத்துருக்களில் அடித்த ஆவணத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் குப்பையாகத் தெரியும். இது லினக்ஸின் கோளாறு இல்லை, அந்த எழுத்துரு இல்லாத எந்த விண்டோஸிலும் இதே கதைதான். யுனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. வேர்டு ஃபைலை லிப்ரே ஆபிஸில் திறந்தால் அட்டவணையும் பக்க அமைப்பும் கொஞ்சம் நகர்ந்து போவது தனிப் பிரச்சினை. ரெஸ்யூமேவை பிடிஎஃப் ஆக அனுப்பிவிடுவதே மேல்.

யார் மாறக்கூடாது?

இலவசம் என்பதற்காக எல்லோரும் மாற வேண்டும் என்று சொல்வது நேர்மையாக இருக்காது. டேலியில் கணக்கு எழுதுபவருக்கு லினக்ஸில் நேரடிப் பதிப்பு இல்லை. ஃபோட்டோஷாப், கோரல்டிராவில் ஃபிளக்ஸ் டிசைன் செய்பவருக்கும் அப்படியே. ஜிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் நல்ல கருவிகள்தான், ஆனால் வாடிக்கையாளர் சிடிஆர் ஃபைலோடு வந்து நிற்கும்போது அந்த வாதம் எடுபடாது. வைன் என்ற மென்பொருள் மூலம் சில விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்டலாம்; பிழைப்பே அதில்தான் என்பவர் அதை நம்பி இறங்கக்கூடாது.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்தும் ஆடிட்டர் அலுவலகங்களும், மேக்ரோ நிறைந்த எக்செல் ஃபைல்களில் வேலை செய்பவர்களும் ஒருமுறைக்கு இருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். ஆன்லைன் தேர்வு எழுதுபவர், தேர்வு நடத்தும் நிறுவனத்தின் கண்காணிப்பு மென்பொருள் லினக்ஸை ஏற்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. விளையாட்டைப் பொறுத்தவரை, வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் லினக்ஸில் ஓடுவதால் நிலைமை வெகுவாக மேம்பட்டிருக்கிறது. ஆனால் வாலரன்ட் ஓடாது. அதன் ஆன்டி-சீட் லினக்ஸை ஏற்பதில்லை.

பிரின்டர் தனிக் கதை. ஹெச்பி மாடல்கள் பல, செருகியதும் வேலை செய்யும். ஜெராக்ஸ் கடைகளிலும் சின்ன அலுவலகங்களிலும் ஓயாமல் உழைக்கும் கேனான் எல்பிபி2900 அப்படியில்லை. அது கேப்ட் என்ற தனி மொழியில் பேசுவதால், லினக்ஸில் அதை ஓடவைப்பது பொறுமையைச் சோதிக்கும். அந்த பிரின்டரை நம்பிக் கடை நடத்துபவர் பென்டிரைவில் சோதிக்கும்போதே அதைச் செருகிப் பார்த்துவிட வேண்டும்.

வேலைக்கு உதவுமா?

லேப்டாப்பைக் காப்பாற்றுவதற்காகத் தொடங்கியது, ரெஸ்யூமேவிலும் ஒரு வரி சேர்க்கும். கிளவுட், டெவ்ஆப்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் சர்வரில் இருப்பது பெரும்பாலும் லினக்ஸ். ஆனால் நேர்காணலில் எந்த டிஸ்ட்ரோ பிடிக்கும் என்று கேட்க மாட்டார்கள். டிஸ்க் நிறைந்துவிட்டது, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஒரு சர்வீஸ் நின்றுவிட்டது, லாக் எங்கே பார்ப்பீர்கள்? ஒரு ஃபைலை ஒருவர் மட்டும் படிக்க வேண்டும், அனுமதியை எப்படி அமைப்பீர்கள்? சொந்த லேப்டாப்பை மூன்று மாதம் லினக்ஸில் ஓட்டி, இரண்டு முறை கெடுத்துச் சரிசெய்தவருக்கு இந்தக் கேள்விகளில் ஒன்றிரண்டாவது பழக்கப்பட்டதாக இருக்கும். அதற்கு மேல் சான்றிதழ் வேண்டுமென்றால் ரெட் ஹேட்டின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ தேர்வு இருக்கிறது. அதில் கொள்குறி வினா கிடையாது. கணினியில் வேலையைச் செய்து காட்ட வேண்டும்.

அலுவலக லேப்டாப்பில் கை வைக்க முடியாதவர், ஐடி பிரிவு அனுமதித்தால், விண்டோஸுக்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் வசதி மூலம் உபுண்டுவை நிறுவி டெர்மினலைப் பழகலாம். ஓவர் தி ஒயர் தளத்தில் இருக்கும் பேண்டிட் என்ற விளையாட்டு, ஒவ்வொரு நிலையிலும் ஒரு பாஸ்வேர்டை ஒளித்துவைத்து, கமாண்டுகளைக் கொண்டு தேடச் சொல்கிறது. ஒரு வாரம் மாலையில் அரை மணி நேரம் விளையாடினால், இரண்டு மாத வீடியோ பார்த்ததைவிட அதிகம் கையில் நிற்கும்.

தமிழிலும் ஆள் இருக்கிறார்கள். கணியம் இணைய இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. "எளிய தமிழில்" வரிசையில் அது வெளியிட்ட மின்னூல்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். சென்னையில் இந்திய லினக்ஸ் பயனர் குழுமம் 1990-களின் இறுதியிலிருந்து இயங்குகிறது. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் அதுபோன்ற குழுக்கள் உண்டு. இந்தக் கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை. கெட்டுப்போன லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டே போகலாம். என்ன பிழைச் செய்தி வந்தது என்பதை மட்டும் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனால், முதல் கேள்விக்கே பதில் தயாராக இருக்கும்.